ஐம்பத்திரண்டு அங்குலப் பின்சீட்டு

புக்கிட் ரோத்தான்,
16-3-1952.

அன்பு மகள் புஷ்பவள்ளிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொள்ளும் அளவுக்குச் சுகமாக இருக்கிறோம். அங்கே சீமையில் பனி இன்னும் விடவில்லை என்று எழுதியிருந்தாய், ஆஸ்பத்திரி வேலை முடிந்து வரும்போது காதை மூடிக்கொண்டு வருகிறாய் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். எழுத உட்கார்ந்தால் நான் வழி தவறிவிடுவது உனக்குத் தெரிந்ததுதான். அதனால் சொல்லவேண்டியவற்றை முதலிலேயே எண்ணிட்டு வைக்கிறேன்.

1. அம்மாவின் கால் இருக்கும் நிலை.
2. உன் பேச்சைக் கேளாமல் நான் கார் வாங்கியதும் அதன் காரணமும்.
3. அந்தக் காரை ஓட வைத்த விதம்.
4. அம்மா வாயைக் கட்டாததால் தோட்டத்துக் கேட்டில் நேர்ந்த தொல்லை.
5. நீ அங்கே செய்யவேண்டிய ஒரு காரியம்.

முதலாவது, கால். இடது பாதத்துப் புண்ணைப் பார்த்த கிள்ளான் ஆஸ்பத்திரி டாக்டர், சர்க்கரை வியாதி உள்ளவளின் புண், திங்களும் வியாழனும் தவறாமல் வந்து கட்டு மாற்றினால் காலைக் காப்பாற்றலாம், தவறினால் முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டி வரும் என்று நவம்பரில் சொன்னதை எழுதியிருந்தேன். அதற்கு நீ, சாலையில் போகவேண்டாம், தோட்டத்து டிரசரே கட்டட்டும் என்று எழுதினாய். டிரசர் நல்ல மனிதர். ஆனால் அவரே என்னைத் தனியாக அழைத்து, ஐயா, இது என் கைக்கு அடங்குற புண்ணு இல்ல, கிள்ளானுக்கே கொண்டு போயிடுங்க என்று சொல்லிவிட்டார். ஆகவே பஸ்ஸில் போனோம். வழியில் ஜெரத்திலும் காப்பாரிலும் போலீஸ் தடுப்பு போட்டு, எல்லாரையும் இறக்கி வரிசையில் நிற்க வைத்து அடையாள அட்டை பார்க்கிறார்கள். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பாள். காலைத் தொங்கவிட்டு உட்காரக்கூடாது என்பது டாக்டர் கட்டளை, பஸ்ஸில் வேறு எப்படி உட்காருவது. ஒரு மாதத்தில் புண் சுருங்குவதற்குப் பதில் அகலமாயிற்று. டிசம்பரில் காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகள் ஒரு பஸ்ஸை எரித்த பிறகு அந்த பஸ்ஸும் நினைத்தால் வரும், நினைத்தால் வராது என்று ஆகிவிட்டது. வாடகைக் கார்க்காரர்கள் எங்கள் பக்கத்து ரப்பர் காட்டுப் பாதை என்றாலே வரமாட்டோம் என்று தலையை ஆட்டிவிடுகிறார்கள்.

இரண்டாவது. சொந்தமாக ஒரு கார் வேண்டும் என்ற முடிவுக்கு நான் வர ஒன்பது நாள் ஆயிற்று. சின்னக் காராக, நம்பகமானதாக வாங்குங்கள் என்று எல்லாரும் சொன்னார்கள், எனக்கும் அதுவே சரி என்று பட்டது. பிறகு அளவு நாடாவை எடுத்து அம்மாவைக் கட்டிலில் சாய்த்து, காலை நீட்டச் சொல்லி அளந்தேன். முதுகைக் கதவில் சாய்த்து உட்கார்ந்தால் குதிகால் வரை நாற்பத்தாறு அங்குலம். டிரசரின் சின்னக் காரில் பின்சீட்டு நாற்பது. நான் பார்த்த மற்ற இரண்டும் அதைவிட ஓர் அங்குலம், இரண்டு அங்குலம்தான் கூட. அப்போதுதான் ரப்பர் புகைக்கூடத்துக்குப் பின்னால் கொட்டகையில் கிடக்கும் ஹம்பர் கார் ஞாபகம் வந்தது. யுத்தத்துக்கு முன் இருந்த பெரிய துரை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியில் எடுப்பாரே, நீ சின்னப் பெண்ணாக அதன் முன்விளக்கில் முகம் பார்ப்பாய், அதேதான். ஜப்பான்காரன் ஓட்டி, சக்கரங்களைக் கழற்றிக்கொண்டு போட்டுவிட்டுப் போனது. உள்ளே கோழிகள் அடைகாத்துக்கொண்டிருந்தன. கோழியை விரட்டிவிட்டு அளந்தேன், ஐம்பத்திரண்டு அங்குலம். இப்போதைய துரை நூற்றெண்பது வெள்ளிக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார். பழுதுக்கும் சேர்த்து ஐந்நூறுக்கு மேல் போகக்கூடாது என்று எனக்கு நானே எல்லை போட்டுக்கொண்டேன். அறுபத்திரண்டு வயதில் இந்தத் துணிச்சல் சரிதானா என்று இன்றைக்கும் எனக்குத் திட்டமாகத் தெரியாது.

மூன்றாவது. தோட்டத்து ஃபிட்டர் செல்லன் வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, பெரிய கிராணி ஐயா, கோழிக்கும் சேத்துத்தான் வெல பேசுனீங்களா, இல்லாட்டி உங்களுக்கு நட்டம் லா என்றான். ஆனால் அவனைப் போல உழைத்தவன் இல்லை. எஞ்சின் இறுகிப் போயிருந்தது. பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துவாரங்களில் மண்ணெண்ணெயும் எஞ்சின் எண்ணெயும் கலந்து ஊற்றி, தினமும் காலையில் எஞ்சினைச் சுற்றும் முன்கம்பியால் ஒரு தள்ளு தள்ளிப் பார்ப்போம். பதினோராம் நாள் அரைவிரல் அசைந்தது. செல்லன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பெட்ரோல் தொட்டிக்குள் சரளைக் கல்லும் மண்ணெண்ணெயும் போட்டு, இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குலுக்கித் துருவை எடுத்தோம். எலி கடித்த ஒயர் முழுவதையும் மாற்றினோம். அடித்தரை ஓட்டைக்கு எண்ணெய்த் தகரம், சக்கரத்துக்கு ஒட்டுப்போட்ட லோரி டயர், பின்சீட்டுக்கு இலவம்பஞ்சு அடைத்துக் கித்தான் உறை. உறையை அம்மாவே படுத்தபடி தைத்தாள். செய்தது அத்தனையையும் நாள் வாரியாக நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். மழைக் காலத்தில் பெரிய தொல்லை கொடுத்தது டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, அதாவது பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுப்பது. அதில் ஈரம் ஏறினால் வண்டி நடுவழியில் நின்றுவிடும், நம் பாதை நடுவழியில் நிற்கக்கூடிய பாதை இல்லை. பழைய மூடி ஒன்றை மாற்றுக்காகத் தேடி வாங்கினேன், தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் மேஜையில் தபால்தலை ஒட்டிக்கொள்ளாமலிருக்க நான் செய்வதைப் போல அதற்கும் ஓர் ஏற்பாடு செய்து வைத்தேன். பிப்ரவரி நாலாம் தேதி திங்கட்கிழமை முதல் பயணம். ஓட்ட ஆள் கிடைக்கவில்லை, நானே ஓட்டுகிறேன். முப்பத்து நாலில் எடுத்த லைசன்சை இத்தனை வருஷம் பெட்டிக்குள்தான் வைத்திருந்தேன். மணிக்கு இருபது மைல்தான். இதுவரை ஒரு திங்களும் ஒரு வியாழனும் தவறவில்லை.

நான்காவது. இதை எழுத மனமில்லை, ஆனாலும் நீ அறிந்திருந்தால் அம்மாவுக்குப் புத்தி சொல்லி எழுதுவாய். மார்ச் முதல் தேதியிலிருந்து கேட்டில் சோதனை கடுமையாகிவிட்டது. முள்வேலியைத் தாண்டி ஒரு பிடி அரிசி போனாலும் காட்டுக்குப் போவதாகத்தான் கணக்கு, ஜெயில்தான். ஆறாம் தேதி வியாழன் காலை கேட்டில், பெண்களைச் சோதிக்கிற சின்னத்தாய் பின்கதவில் உள்ள தோல் பைக்குள் கைவிட்டு ஒரு சின்ன முடிச்சை எடுத்தாள். அம்மாவின் பழைய ஊதாப் புடவைத் துண்டு, உள்ளே அரைக் கைப்பிடி அரிசி. மலாய்க்கார கார்ப்பரல் துப்பாக்கியைத் தோளிலிருந்து எடுத்துவிட்டார். நான் வாய் திறப்பதற்குள் அம்மா காரைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டாள். அது என்னுதும்மா, புதுக் காருன்னு சாமிக்கு வேண்டி அட்சத போட்டேன், மிச்சத்த முடிஞ்சி வச்சது மறந்துபோச்சு, அவருக்கு ஒண்ணும் தெரியாது என்றாள். சின்னத்தாய் அரிசியை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்துவிட்டு, வறுத்த அரிசியில என்னாம்மா அட்சத, மஞ்சளக் காணோமே என்று மெல்லக் கேட்டாள். அம்மா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். சின்னத்தாய் திரும்பி மலாயில் கார்ப்பரலிடம், பூஜை அரிசிதான் என்று சொன்னாள். இன்ஸ்பெக்டர் வந்து விசாரிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அதுவரை அம்மா உட்கார மறுத்துவிட்டாள். பெஞ்சியைக் காட்டியபோதும், நான் உக்காந்தா அவர விசாரிப்பாங்க என்று சின்னத்தாயிடம் சொன்னாளாம். பின்சீட்டின் உறையைக் கிழித்து இலவம்பஞ்சையெல்லாம் வெளியே இழுத்துத் தேடினார்கள். கடைசியில் அரிசியைச் சாக்கடையில் கொட்டி, அம்மாவின் பேரை எழுதிக்கொண்டு, இன்னொரு முறை என்றால் வழக்குதான் என்று சொல்லி எங்களைப் போகவிட்டார்கள். கட்டுத் துணி முழுக்க ரத்தம். எனக்குப் பயம் தெளிந்ததும் கோபம் வந்தது. வறுத்த அரிசி அட்சதை ஆகாது என்று எனக்குத் தெரியாதா, அரிசி ஆகாது என்று டாக்டர் அத்தனை சொல்லியும் வழியில் மென்று தின்ன ஒளித்து வைத்திருக்கிறாள், அதற்குச் சாமியைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறாள் என்று காப்பார் வரைக்கும் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். அவள் கிழிந்த உறையின் மேல் காலை நீட்டிக்கொண்டு, சரிங்க, இனிமே திங்கல, ரோட்டப் பாத்து ஓட்டுங்க என்று மட்டும் சொன்னாள். பத்து நாளாக நானும் அதிகம் பேசவில்லை. ஆனால் போன வியாழன் டாக்டர் கட்டை அவிழ்த்துப் பார்த்து, ஓரத்தில் புதுச் சதை ஏறுகிறது, வெட்டுகிற பேச்சை விட்டுவிடலாம், இன்னும் எட்டு வாரம் ஒரு தடவைகூடத் தவறக்கூடாது என்றார். தவறாது.

ஐந்தாவது. மாற்று மூடியை மாட்டி ஓட்டுகிறேன், அதிலும் மயிரிழை விரிசல் கண்டிருக்கிறது. நீ இருக்கும் ஊரில் பழைய கார் சாமான் கடைகள் உண்டு என்று எழுதியிருந்தாயே, முப்பத்தேழாம் வருஷத்து வண்டிக்கு ஒன்று கிடைத்தால் பஞ்சில் சுற்றித் தபாலில் அனுப்பு. அது வரும்வரை இதைப் பசை போட்டு ஓட்டுவேன். வேளைக்குச் சாப்பிடு, பரீட்சைக்கு அவசரப்படாமல் படி, கையில் ரப்பர் உறை போடாமல் யார் புண்ணையும் தொடாதே. மாரியம்மன் துணையிருப்பாள், எங்கள் ஆசி என்றும் உனக்கு உண்டு. மூடியின் எண்ணைக் கீழே எழுதுகிறேன், மறவாதே.

எண்ணைப் பார்த்து எழுத நோட்டைப் புரட்டினேன். ஜனவரி இருபத்தேழாம் தேதிப் பக்கத்தில் இருக்கிறது, 40826. அதற்கு அடுத்த வரி, என் கையெழுத்தில்: மாற்று மூடி பின்கதவுப் பையில் வைக்கப்பட்டது, ஈரம் இழுக்க வறுத்த அரிசி அரைக் கைப்பிடி, ஊதாத் துணியில் முடிந்தது, அரிசி வறுத்துக் கொடுத்தது இவள்.

மூடியை எடுத்து மாட்டிய அன்று முடிச்சை எடுக்க மறந்திருக்கிறேன். அது நான் வைத்ததுதான் என்று அம்மாவுக்குக் கேட்டிலேயே தெரிந்திருக்கிறது. அடுத்த அறையில் காலைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு கிழிந்த உறையைத் தைத்துக்கொண்டிருக்கிறாள், நாளைக்குத் திங்கட்கிழமை. இதை உறையில் போடுமுன் எழுந்து போய் அவளிடம் சொல்லவேண்டும். மேலே எழுதியதை அடித்துவிடலாமா என்று பேனாவை எடுத்தேன், அடிக்கவில்லை, நீயும் படி. நான்காவது குறிப்பு தவறு.

இப்படிக்கு,
உன் அப்பா,
வே. உடையப்பன்.