ஊருக்குச் சொன்ன ஒத்தத் தலைவலி

மில் பஸ்ஸில் ஏறிப் போய் இன்னும் இறங்காமலே இருக்கிற என் கோதைக்கா,

ரெங்கா எழுதுகிறேன். நல்லா இருக்கியா என்று கேட்க வாய் வருகிறது. உன்னிடம் போய் அதைக் கேட்பதா என்று நிறுத்திக்கொண்டேன். நான் நல்லா இருக்கிறேன், மாத்திரை போடுகிறேன். நீ முதலில் கேட்பது அதைத்தானே.

உன் மில் பஸ் இன்னும் விடியக்காலையில் தெரு முக்கில் வந்து ஹாரன் அடிக்கிறது. நான் படுத்தபடியே கேட்பேன். மாத்திரைத் தூக்கம் எப்படி என்று உனக்குத் தெரியும், கண்மாய்த் தண்ணிக்குள் கிடக்கிற மாதிரி, சத்தமெல்லாம் மேலே எங்கேயோ கேட்கும். அடுத்து நீ டிபன் பாக்ஸை மூடுவாய், செருப்பைத் தேடுவாய் என்று காத்திருப்பேன். பஸ் ராஜபாளையத்துக்குப் போய்விடும். செத்த நேரம் கழித்துத்தான் எல்லாம் ஞாபகத்துக்கு வரும்.

மில் கேண்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாயாம். தகவல் கொண்டுவந்தவர்கள் என்னிடம் சொல்லவில்லை. எதிர்வீட்டு செல்லம்மா மதினியைக் கூப்பிட்டு அவரிடம்தான் சொன்னார்கள். தலைவலிக்காரி, திடுதிப்பென்று சொன்னால் தாங்கமாட்டாள் என்று. செத்த பிறகும் உன் பொய் எனக்குக் குடை பிடித்தது, பார்த்தாயா.

அங்கே உன் கூட இருந்து கேட்கிறவர்களுக்கும் விளங்கட்டும் என்று அந்தப் பொய்யைச் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதே. நானும் உன்னோடு அதே மில்லில் வைண்டிங்கில், நூல் சுற்றுகிற மெஷினில், நின்றவள்தான். ஒரு நாள் மெஷின் சத்தத்துக்குள்ளிருந்து யாரோ என் பெயரைச் சொல்ல ஆரம்பித்தார்கள். மெஷின் நின்ற பிறகும் சொன்னார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் சொன்னார்கள், திட்டினார்கள், சாப்பிடாதே என்றார்கள். நீ என்னை மதுரைக்கு அழைத்துப் போனாய். மனச்சிதைவு என்று டாக்டர் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே நீ அதற்கு வேறு பெயர் வைத்துவிட்டாய். ஒத்தத் தலைவலி.

எம்புட்டுப் பொருத்தமான பொய் அது. வெளிச்சம் ஆகாது, அதனால் ஜன்னலில் போர்வை. சத்தம் ஆகாது, அதனால் கல்யாண வீட்டுக்கு வரமாட்டாள். மதுரைக்கு மாத்திரை வாங்கப் போகும்போதெல்லாம் தெருவில் நின்று, "தலைக்கு ஸ்கேன் எடுக்கப் போறோம்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் பூட்டுவாய். ஏன்க்கா இப்படி என்று கேட்டால், "பொம்பளப் பிள்ளைக்கு மனசு சரியில்லைன்னு ஒரு தடவை பேச்சு வந்திட்டா அது போகாதுட்டி" என்பாய். எனக்குக் கல்யாணம் ஆகும் என்று நீ ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தாய். நீ பண்ணிக்கொள்ளவே இல்லையே, அது யாருக்காக?

உன் காரியம் முடிந்த மறுநாள் தம்பி சீனி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். திருப்பூரில் அவன் இருப்பது ஒற்றை ரூம், அதற்குள் பெண்டாட்டி, பிள்ளைகள், மாமியார். அவன் மேல் எனக்கு வருத்தமே இல்லை.

"தனியா எப்படிக்கா இருப்ப? சோத்துக்கும் மாத்திரைக்கும் என்ன செய்வ? ஒரு ஹோம் விசாரிச்சு வச்சிருக்கேன். நல்ல இடந்தான்" என்றான்.

நான் போர்வை கட்டிய ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த உலகம் இந்த வீடு, இந்தத் தெரு, வெயில் தாழ்ந்ததும் மொட்டை மாடியிலிருந்து தெரியும் கோபுரம், அதற்குப் பின்னால் மலை. இன்னொரு இடத்தில் கண் விழித்தால் நான் யாரென்று எனக்கே தெரியாமல் போய்விடும் என்று பயமாக இருந்தது. அதைச் சொன்னேன். அவனும் அழுதுவிட்டான். பொறவு ஒரு வழி சொன்னான். இந்த மாதிரி வியாதிக்கு அரசாங்கம் ஊனமுற்றோர் அட்டை கொடுக்கிறது, மாசாமாசம் உதவித்தொகையும் உண்டு. அது கிடைத்தால் நீ இந்த வீட்டிலேயே இரு, மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். கிடைக்காவிட்டால் ஹோம் என்றான். மனு எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனான்.

விசாரணைக்கு ஆபீசர் வருகிறார் என்று சொன்னார்கள். செல்லம்மா மதினிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பால்கோவா கிண்டும் வேலைக்கு அன்று லீவு போட்டுவிட்டார்.

"ஏட்டி, ஆபீசர் வீடு தேடி வாராரு. அழுக்குச் சீலையோடயா நிப்ப?" என்று என் தலையில் எண்ணெய் வைத்து வழித்துச் சீவினார். உன் பச்சைச் சேலையைக் கட்டிவிட்டார். பிச்சிப்பூ வைத்தார். வீட்டைக் கழுவி, ஜன்னல் போர்வையை அவிழ்த்துத் துவைத்துப் போட்டு, வாசலில் இழைக்கோலம் போட்டார். ஆபீசர் வந்தபோது தட்டில் பால்கோவா, டம்ளரில் காபி. பெண் பார்க்க வந்தவர்களுக்குக்கூட நம் வீட்டில் இப்படிச் செய்ததில்லை.

"உங்களுக்கு என்னம்மா உடம்புக்கு?" என்று கேட்டார். நான் மதினியைப் பார்த்தேன்.

"ஒத்தத் தலைவலி சார்" என்றார் மதினி.

அவர் தெருவில் இறங்கி விசாரித்தார். மளிகைக்கடை அண்ணாச்சி, "தங்கமான பிள்ளை சார். அப்பப்ப தலைவலி படுத்தும், அம்புட்டுத்தான்" என்றார். பூக்காரம்மாவும் தலைவலி என்றது. சைக்கிள் கடைக்காரரும் தலைவலி. ஒரு ஆளாவது மாற்றிச் சொல்ல வேண்டுமே. நீ இத்தனை வருஷம் சொல்லிக் கொடுத்த பாடத்தைத் தெருவே ஒப்பித்தது. எல்லாரும் எனக்கு நல்லது செய்துவிட்ட நிம்மதியில் நின்றார்கள். ஆபீசர் பால்கோவா நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார். மனு திரும்பி வந்துவிட்டது.

"அத்தனை பேரும் சேர்ந்து உன்னையக் குணப்படுத்திட்டாங்கக்கா" என்று போனில் சிரித்தான் சீனி. பிறகு, ஆடிப்பூரத் தேரைப் பார்த்துவிடு, முடிந்ததும் வந்து ஹோமுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றான்.

நீ இல்லாத முதல் ஆடிப்பூரம். தேர் நம் தெரு முனையைக் கடந்தபோது வாசலில் நின்றேன். அசைந்து அசைந்து அது போவது கனவில் போவது மாதிரியே இருந்தது. வடத்தைப் பிடித்த கூட்டம் முழுக்க உன் முகமாகத் தெரிந்தது. இனி அடுத்த வருஷம் இதைப் பார்ப்பேனா என்று கேட்டுக்கொண்டேன். அந்த ஒரு கேள்விதான் மறுநாள் என்னைத் தாலுகா ஆபீஸ் வரை நடத்திப் போனது. நான் தனியாகப் போனேன் அக்கா, நம்புவாயா?

அங்கே இருந்த ஒரு அம்மா பொறுமையாகக் கேட்டார்கள். ராஜபாளையம் ஆஸ்பத்திரியில் முகாம் நடக்கும், மனநல டாக்டர் பார்த்துச் சான்று தரவேண்டும் என்றார்கள். "கூட இருந்து பாத்துக்கிட்டவங்க ஒருத்தர் வந்து சொல்லணும்மா. உங்களை யார் பாத்துக்கிட்டா?"

நீ வரவேண்டிய இடம் அது. உனக்கு ஒரு நாள் லீவு கிடைக்காதா என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

மதினியிடம் கேட்டேன். "நான் என்னத்தட்டி சொல்ல? எனக்குத் தெரிஞ்சது தலைவலிதான்" என்றார். ஆனாலும் முகாம் அன்று காலையில் கிளம்பி வந்து நின்றார். இந்தத் தடவை எனக்குப் பூ வைக்கவில்லை.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் எனக்கு. வலது பக்கம் மலை கூடவே வந்தது. மலையடியில் செண்பகத்தோப்புக் காட்டுப் பக்கம் மேகம் இறங்கிப் படுத்திருந்தது. தினமும் இந்த வழியாகத்தானே போனாய். இதையெல்லாம் பார்த்தாயா, இல்லை அசதியில் தூங்கிவிடுவாயா? உன்னிடம் இதைக் கேட்டதே இல்லை.

டாக்டர் சின்ன வயசுப் பெண். "என்ன செய்யுதும்மா?" என்று கேட்டதும் என் வாய் தானாகச் சொல்லிவிட்டது, "ஒத்தத் தலைவலி" என்று. டாக்டரம்மா மதுரைச் சீட்டுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். "இதெல்லாம் தலைவலி மாத்திரை இல்லையேம்மா" என்றார்கள். மதினியைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க" என்றார்கள்.

மதினி என் பக்கம் திரும்பினார். முகம் அழப்போகிற மாதிரி இருந்தது. "சொல்லட்டுமாட்டி?" என்று என்னிடம் கேட்டார்.

"சொல்லுங்க மதினி" என்றேன்.

"தலைவலி இல்ல டாக்டரம்மா. பிள்ளைக்கு மனசுலதான் வியாதி. தெருவுக்கே தெரியும். இவ அக்கா தலைவலின்னு சொன்னா, நாங்களும் தலைவலின்னோம். அவ மானமா மூடி வச்சதை நாங்க எதுக்குத் தெறக்க? அவ மில்லுக்குப் போன பொறவு நாங்க பொம்பளைக முறை வச்சிப் பாத்துக்கிட்டோம். காலையில நான் எதிர்ல உக்காந்து அரிசி பொடைப்பேன். மத்தியானம் பூக்காரம்மா வந்து அங்கனயே பூக் கட்டும். சாயங்காலம் அண்ணாச்சி வீட்டு அக்கா. கதவுக்குள்ள பேச்சுச் சத்தம் கூடுச்சுன்னா, உப்புக் கேக்க மாதிரி, மோர் கேக்க மாதிரி போய்த் தட்டுவோம்."

அக்கா, நினைவிருக்கிறதா? தெருவே என்னைப் பார்க்கிறது, எதிரில் ஆள் மாற்றி ஆள் உட்கார்ந்து என்னையே பார்க்கிறார்கள் என்று நான் அழுவேன். யாரும் பார்க்கவில்லைட்டி, அது உன் வியாதி என்று சொல்லி எனக்கு மாத்திரை கொடுப்பாய். பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். டாக்டரம்மா எதிரிலேயே உட்கார்ந்து நான் அழுதேன். சந்தோஷமா, துக்கமா, எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மதினி நிறுத்தவில்லை. ஒரு தேர்த் திருவிழா அன்று நான் பாட்டுக்கு நடந்து செண்பகத்தோப்புக்குப் போய்விட்டேனாம். காட்டு இலாகா ஆட்கள் பிடித்து உட்கார வைத்திருக்க, அண்ணாச்சியும் சைக்கிள் கடைக்காரரும் வண்டியில் போய்க் கூட்டி வந்திருக்கிறார்கள். நீ வந்து கேட்டபோது கோயிலுக்குக் கூட்டிப் போனோம் என்றார்களாம். "தலைவலிக்காரிய வெயில்லயா கூட்டிட்டுப் போவாக, அறிவிருக்கா உங்களுக்கு" என்று நீ தெருவில் நின்று திட்டினாயாம். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டார்களாம்.

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு என்னிடம், "இப்பவும் குரல் கேக்குதாம்மா?" என்றார்கள்.

"திட்டுற குரல் கொறஞ்சிருச்சு. எங்க அக்கா குரல் மட்டும் அப்பப்ப கேக்கும்" என்றேன்.

"என்ன சொல்வாங்க?"

"பால் பொங்குது, அடுப்பை அணைன்னு சொல்லுவா."

"பொங்குதா?"

"ஆமா."

"அப்ப அணைச்சிருங்க" என்று சொல்லி, சான்றுக்குக் கையெழுத்துப் போட்டார்கள்.

திரும்பி வரும்போது மதினி வெளியே பார்த்தபடி வந்தார். ஊர் நெருங்கும்போது என் கையைப் பிடித்தார். "ஏட்டி, ஒண்ணு சொல்லுதேன் கேப்பியா? கோதைக்கு மட்டும் இது தெரிய வேண்டாம். எங்களுக்குத் தெரியாதுன்னே நெனச்சிக்கிட்டு இருந்தா. தெரிஞ்சா சங்கடப்படுவா" என்றார். சொல்லிவிட்டுத்தான், யாரிடம் என்ன சொல்கிறோம் என்று அவருக்கே உறைத்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். சொல்லமாட்டேன் மதினி என்று நான் தலையாட்டினேன்.

அட்டை வந்துவிட்டது அக்கா. போட்டோவில் கண்ணைப் பாதி மூடியிருக்கிறேன். சீனி ஹோம் பேச்சை விட்டுவிட்டான். நான் இந்த வீட்டிலேயே இருக்கிறேன்.

மதினிக்குக் கொடுத்த வாக்கை மீறி இதோ உனக்குச் சொல்லிவிட்டேன். நீ யாரையும் ஏமாற்றவில்லை. அவர்கள்தான் உன்னை ஏமாற்றியிருக்கிறார்கள். தனி ஆளாய்ச் சுமக்கிறோம் என்று நினைத்துத்தானே அப்படி ஓடினாய்? செத்த நேரம் உட்கார்ந்திருக்கலாமே அக்கா.

உனக்குக் கொடுக்கும் வாக்கை மீறமாட்டேன். மாத்திரையைத் தவறவிடமாட்டேன். யார் கேட்டாலும் என் வியாதியின் பெயரை நானே சொல்வேன். ஜன்னலில் இனிமேல் போர்வை கட்டமாட்டேன், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
தெருவே பார்த்து வளர்த்த உன் தங்கச்சி
ரெங்கநாயகி