மீன்சட்டியில் வைத்த பருப்பு

புரட்டாதி, புதன்

கச்சான் காற்று. கண்ணெல்லாம் மணல்.

புதுச்சட்டி உடைந்துவிட்டது. கிணற்றுக்கட்டில் கழுவும்போது கை வழுக்கி. தீ மிதிக்கக் காப்புக் கட்டிய நாள் முதல் பெரியப்பாவுக்கு அதில்தான் விரதச் சமையல். பெரியம்மா செத்த பிறகு அடுப்படி என்னோடுதான். சட்டி வண்டி சனிக்கிழமைதான் வரும்; தீ மிதிப்போ வெள்ளி. துண்டுகளை வாழையடியில் புதைத்தேன். பழைய மீன்சட்டியைச் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்து, பருப்பு வைத்தேன். கெளுத்தி மணம் போகவே இல்லை.

பெரியப்பா கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "இண்டைக்கு நல்ல ருசி, புள்ள."

விரதத்தில் பிழை விட்டவரை நெருப்புச் சுடும். ஊருக்கே தெரியும்.

வியாழன்

கணக்குப் பரீட்சை. என்ன எழுதினேனோ.

பின்னேரம் ஆஸ்பத்திரி அப்போதிக்கரி வந்து பெரியப்பாவின் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். "காளைமாட்டு நெஞ்சு. எண்டாலும் எழுபது வயசில நெருப்பு என்னத்துக்கு? கும்பிட்டுப்போட்டு வாங்களன்."

பெரியப்பா: "வருஷம் முழுக்க நான் கிழவன். காப்புக் கட்டினாத்தான் நானும் ஒரு ஆள். முழங்கால் கூட நோகிறதில்ல."

பக்கத்து வீட்டுக் கந்தப்பர்: "முழங்கால் நோகாது, உள்ளங்கால்தான் நோகும்! நீ ஏன்கா சிரிக்கிறாய்?"

நான் சிரித்தது எனக்கே தெரியாது.

சொன்னால் காப்பை அறுத்துவிடுவார். சொல்லாவிட்டால் கால். இன்றும் அதே சட்டி. பூசணிக்காய். விளக்கைத் தணித்து வைத்து எழுதுகிறேன். பெரியப்பா நித்திரையிலும் அம்மாளே அம்மாளே என்கிறார்.

வெள்ளி

சொல்லத்தான் போனேன். பெரியப்பா தோய்ந்துவிட்டுக் கிணற்றடியில் நின்றார். மஞ்சள் வேட்டி, கையில் வேப்பிலை, முகமெல்லாம் சிரிப்பு. பெரியம்மா போன பிறகு அந்தச் சிரிப்பை நான் காணவில்லை.

"என்ன புள்ள?"

"ஒண்டுமில்ல பெரியப்பா."

பின்னேரம் கோயிலில் தீக்குழியில் இறங்கினார். நடந்தார். ஏறினார். ஒரு கொப்புளம்கூட இல்லை.

பின்னால் போன நேசன் அண்ணனுக்கு இரண்டு காலும் வெந்துவிட்டது. கந்தப்பரின் மகன். இத்தனை நாளும் கோயில் மண்டபத்திலேயே படுத்து, வீட்டுப்பக்கம் போகாமல் விரதம் பிடித்தவர்.

"என்னத்தத் திண்டானோ" என்றாள் ஒருத்தி.

பெரியப்பாவும் சொன்னார்: "பொடியன் எங்கயோ பிழை விட்டுட்டான்."

கந்தப்பர் மகனைத் தோளில் தாங்கிக்கொண்டு போனார்.

அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. சோறு தின்றேன்.

சனி

காற்று இல்லை. சட்டி வண்டி வந்தது. வாங்கவில்லை.

பெரியப்பா விடியவே தோணியில் போய்க் கெளுத்தி கொண்டுவந்தார். பாட்டு வேறு. வேலிக்கு அந்தப் பக்கம் நேசன் அண்ணன் முனகுகிறார். மீனை அதே சட்டியில் போட்டேன்.

பெரியப்பா பலகையில் உட்கார்ந்து உள்ளங்காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வாற வருஷமும் நீதான் சமைக்கணும் புள்ள. உன்ட கை சுத்தம்."

ஓம் என்றேன்.