உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி

இன்று காலை குசினி அலுமாரியை ஒதுக்கும்போது அந்தச் சமையல் குறிப்புப் புத்தகம் கையில் அகப்பட்டது. கனடாவிலிருந்து எங்கள் மகள், மாவைப் பிசைந்து தானே சுட்டுத் தரும் பாண் மெசினோடு சேர்த்து அனுப்பியது. மா ஒட்டிப்போன பக்கத்தில், ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு என்ற வரியை நீர் பென்சிலால் வெட்டியிருக்கிறீர். அதற்குமேல் பார்க்க முடியாமல் உமக்கு இதை எழுத உட்கார்ந்தேன்.

இதயம் பலவீனமாகி உமக்குக் கால் வீங்கத் தொடங்கியதும், உப்பைத் தொடக்கூடாது என்று தெல்லிப்பழைக் கிளினிக்கில் டொக்டர் சொன்னார். கறியில் உப்பில்லாததைப் பொறுத்துக்கொண்டீர். கடைப் பாணிலும் உப்பிருக்கிறது என்றபோதுதான் உமது முகம் மாறியது. மகளிடம் அதைச் சொன்னது நான்தான். வீட்டிலேயே உப்பில்லாமல் போடலாமென்று, ஊருக்கு வந்த ஒருவரிடம் அவள் மெசினைக் கொடுத்துவிட்டாள்.

புத்தகம் குளிர்நாட்டுக் குசினிக்கு எழுதியது. வெதுவெதுப்பான தண்ணீர் விடச் சொன்னது. சித்திரை வெயிலில் எங்கள் தாங்கியிலிருந்து வருவதே சுடுதண்ணீர். உப்பில்லாமல் போட்ட முதற் பாண் பொங்கி மூடியில் முட்டி, வேகும்போது நடுவில் குழிந்து விழுந்தது.

“உப்பில்லாட்டி மா கண்டபடி பொங்கும் அப்பா. அங்கத்தை வெக்கைக்கு ஈஸ்ற்றைக் குறையுங்கோ” என்றாள் மகள். குறைத்தேன். கல்லாக வந்தது.

“உதைக் கிணத்தடியிலை போடுங்கோ, உடுப்புத் தோய்க்கலாம்” என்று சிரித்தீர்.

பிறகு சிரிப்பும் நின்றது. சோறும் வேண்டாம், கஞ்சியும் வேண்டாம் என்று கோப்பையைத் தள்ளிவைத்தீர். கையில் போட்டிருந்த காப்பு முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது.

ஒருநாள் நீர் குளிக்கப் போன நேரம், புத்தகத்தில் உள்ளபடி உப்பையும் போட்டேன். பாண் நிமிர்ந்து நின்றது. மூன்று துண்டு சாப்பிட்டீர்.

“இஞ்சாருங்கோ, உப்புப் போடாமலே இப்பிடி வந்தது?”

“ஓம், ஈஸ்ற்றிலைதான் பிழை இருந்திருக்கு.”

இரண்டு கிழமை ஒவ்வொரு நாளும் அப்படித்தான் போட்டேன். “இவர் பாண் போடப் பழகிட்டார்” என்று பக்கத்து வீட்டு ரீச்சரிடம் மதிலுக்கு மேலால் பெருமையடித்தீர். மூன்றாம் கிழமை உமக்கு மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரி வார்ட்டில் நீர் படுத்திருந்தபோது டொக்டர், “சாப்பாட்டிலை உப்பு ஏதும் சேர்த்தனீங்களே?” என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் நீர் முந்திக்கொண்டீர்.

“இல்லை டொக்டர். இவர் விடமாட்டார்.”

நான் நிலத்தைப் பார்த்தபடி நின்றேன்.

ஐந்தாம் நாள் நீர் போய்விட்டீர். இதயம் முன்னமே மோசமாகியிருந்தது, எப்படியும் கனநாள் இருந்திருக்கமாட்டீர் என்று டொக்டர் ஆறுதல் சொன்னார். அவருக்கு அந்தப் பாணைப் பற்றித் தெரியாது.

போன மாதம் மகள் தொலைபேசியில், “அம்மா விரும்பிச் சாப்பிட்ட பாணை எப்பிடிப் போட்டனீங்கள் அப்பா? நானும் போட்டுப் பாக்கப்போறன்” என்றாள். மறைக்க மனம் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

“அம்மாவுக்குத் தெரியுமே?”

“இல்லைப் பிள்ளை.”

வைத்துவிட்டாள். அடுத்த நாள் எடுத்து, “சாப்பிட்டிட்டீங்களே?” என்று மட்டும் கேட்டாள். இப்போது தினமும் அதைத்தான் கேட்கிறாள். வேறொன்றும் கேட்பதில்லை.

உமக்குப் பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். டொக்டருக்கு முன்னால் பேசாமல் நின்றதற்கும் கேட்கிறேன். ஆனால் அந்த இரண்டு கிழமையும் நீர் பசித்துச் சாப்பிடுவதை எதிரே இருந்து பார்த்தேனே, அந்தச் சந்தோஷத்தை மட்டும் என்னால் பிழையென்று நினைக்க முடியவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.