எனக்கு நற்சான்று தந்தவர்

என் அன்னம்மாக்கா,

கல்லறைத் திருநாளுக்கு நேற்று உன்னிடம் வந்திருந்தோம். அப்பா மெழுகுவர்த்தி ஏற்றினார், நான் புல் பிடுங்கினேன். சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. பக்கத்துக் கல்லறைகளிலெல்லாம் ஆட்கள் நின்றதால் வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். எழுதியதை நம் மாதர் பத்திரிகைக்கும் அனுப்பப்போகிறேன். ஊர் படிக்கட்டும். நம் வீட்டுக் கதை பினாங்கில் யாருக்குத்தான் தெரியாது? தெரிந்தவர்களுக்கும் பாதிதான் தெரியும்.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். லண்டனில் பாரிஸ்டர் படிப்புக்கு என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆமாம் அக்கா, உன் திரேசாவைத்தான். பாவாடை நாடாவைக்கூட உன்னிடம் வந்து முடிந்துகொண்டவள்தான்.

படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. நீ பொறுத்துக்கொள்.

அம்மா என்னைப் பெற்ற கையோடு போய்விட்டாள். அப்பா துறைமுகக் கிடங்கில் கிராணி, கணக்கெழுதுகிறவர். காலையில் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வருவார். என்னைக் குளிப்பாட்டி, தலைவாரி, கான்வென்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டவள் நீ. உன்னைக் கடலுக்கு அக்கரையில் புக்கிட் மெர்தாஜாமில் கடை வைத்திருந்தவருக்குக் கட்டிக்கொடுத்தபோது நான் சாப்பிடாமல் கிடந்தேன். பிலோமினா பிறந்தாள். அவள் தவழும் முன்பே ஒரு நாள் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, படகேறி, ரிக்‌ஷா பிடித்து நம் வீட்டு வாசலில் வந்து நின்றாய். உன் இடது கண் திறக்கவே இல்லை. அப்பா பிள்ளையை வாங்கி உள்ளே கொண்டுபோனார்.

அத்தான் பிள்ளையைக் கேட்டு வழக்குப் போட்டார்.

கோர்ட்டில் நீ கூண்டில் நின்ற நாள் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. புருஷன் வீட்டுக்கு ஏன் போகமாட்டாய் என்று வெள்ளைக்கார ஜட்ஜ் துரை கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் கேட்டார். நீ சொன்னாய். விறகுக்கட்டையில் ஆரம்பித்தாய். பிள்ளை மடியில் இருக்கும்போதே விழுந்த அடி, உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டு கடைக்குப் போன நாட்கள், பசியில் பால் வற்றிப்போனது, ஒன்றையும் விடவில்லை. அழவும் இல்லை. வாழ்க்கையில் நீ அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். நீ முடித்ததும் மொழிபெயர்ப்பாளர் துரையிடம் இங்கிலீஷில் ஒரே வரி சொன்னார். அங்கே இருக்கத் தனக்குப் பிடிக்கவில்லை என்கிறாள், அவ்வளவுதான். துரை அதை எழுதிக்கொண்டார்.

பின் வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு இரண்டு பாஷையும் புரிந்தது. எழுந்து நின்றேன். காவல்காரர் தோளில் கைவைத்து உட்காரவைத்துவிட்டார்.

பிள்ளை தகப்பனுக்குத்தான் என்று தீர்ப்பானது. தாயும் தாய்வீட்டாரும் மாதம் ஒருமுறை வந்து பார்க்கலாம், அதற்கான ஏற்பாட்டைத் தகப்பன் தரப்பு லாயர் செய்துதர வேண்டும் என்றும் எழுதியிருந்தது. நீ சில மாதங்கள் போய்வந்தாய். பிறகு நெஞ்சுநோய் உன்னைப் படுக்கையில் தள்ளியது. எழுந்திருக்கவே இல்லை.

இதுவரை உனக்குத் தெரியும். இனிமேல் நான் சொல்வது நீ போனபிறகு நடந்தது.

தாயே இல்லாதபோது பார்க்க வருவதென்ன என்று அத்தான் கதவடைத்தார். அப்பா புக்கிட் மெர்தாஜாம் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று இருந்துவிட்டார். நான் அத்தானுடைய லாயரைத் தேடி பீச் ஸ்திரீட்டுக்குப் போனேன். அவர் பேரை இங்கே எழுதவில்லை. உனக்கு எதிராக நின்று, உனக்குக் கோபம் அதிகம், பிள்ளை வளர்க்கத் தெரியாது என்றெல்லாம் பேசிய அதே தமிழர்தான். அன்று என்னை நிற்கவைத்தே பேசினார். தீர்ப்பில் தாய்வீட்டார் என்றும் ஒரு வார்த்தை இருக்கிறது, படித்துப் பாருங்கள் சார் என்றேன். எடுத்துப் படித்தார். இன்னொரு தரம் படித்தார். பிறகு அத்தானுக்கு ஆள் அனுப்பினார்.

அந்த மாதத்திலிருந்து பிலோவைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் அவர் ஆபீஸ் படியேறித்தான் ஆக வேண்டும். பள்ளிக் கடைசி சீனியர் பரீட்சை தேறினேன், பெண்கள் பள்ளியில் டீச்சர் ஆனேன், படியேறுவது மட்டும் நிற்கவில்லை. அத்தான் ஏதாவது சாக்குச் சொல்வார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்பார், பெருநாள் என்பார். நான் மறுபடி போவேன். எப்போது என்று நினைவில்லை, ஒரு நாள் அவர் நாற்காலியைக் காட்டி, “உக்காருங்க டீச்சர்” என்றார்.

பாரிஸ்டருக்குப் படிக்க வேண்டுமென்று அப்பாவிடம் நான் சொன்னபோது அவர் சோற்றில் கைவைத்திருந்தார். வேறு இனத்துப் பெண்கள் ஒன்றிரண்டு பேர் போய்ப் படித்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்றும் சொன்னேன். அவர் கையைக் கழுவினார்.

“கோர்ட்டுப் படி ஏறுனது போதும்மா நம்ம வீட்டுக்கு” என்றார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அப்பாவை உனக்குத் தெரியாதா?

என்னோடு வேலைபார்க்கும் யாழ்ப்பாணத்து டீச்சரின் கணவர் பாரிஸ்டர் செல்லையா. என்னென்ன வேண்டும் என்று அவரிடம்தான் விசாரித்தேன். லத்தீன் பரீட்சை தேற வேண்டும். பள்ளிச் சான்று வேண்டும். என்னை வருஷக்கணக்காக அறிந்த, அந்தஸ்துள்ள இரண்டு பேர் என் நடத்தைக்குச் சான்று எழுத வேண்டும். அதோடு, ஏன் சட்டம் படிக்க விரும்புகிறேன் என்று நானே ஒரு கடிதம் எழுதிவைத்தால் நல்லது என்றார். எனக்கு அதெல்லாம் வெறும் காகிதமாகத் தெரிந்தது. முகத்திலேயே கண்டுகொண்டார் போலிருக்கிறது.

“அங்கை உம்மை ஒருத்தருக்கும் தெரியாது பிள்ளை. அவைக்கு இந்தக் கடதாசிதான் நீர்” என்றார்.

லத்தீனுக்குப் பங்குச்சாமியாரிடம் போனேன். பெண்ணுக்கு எதற்கு என்று முதலில் சிரித்தார், பிறகு சொல்லிக்கொடுத்தார். நாம் இரண்டு பேரும் சின்ன வயதிலிருந்து பூசையில் அர்த்தம் தெரியாமல் பாடியதெல்லாம் ஒவ்வொன்றாகப் புரிய ஆரம்பித்தது. உன் அடக்கப் பூசையில் பாடியதும் புரிந்தது. அன்று பாடத்தை அதோடு நிறுத்திவிட்டு வந்துவிட்டேன். பரீட்சையில் ஒருமுறை தவறி, மறுமுறை தேறினேன்.

சாமியார் ஒரு சான்று எழுதித் தந்தார். இரண்டாவதுக்குத்தான் அலைந்தேன். அப்பாவின் கிடங்கு மேனேஜர் துரை, உங்கள் மகளை நான் பார்த்ததே இல்லையே என்றாராம். அதுவும் நியாயம்தானே. செல்லையாவைக் கேட்டேன். உம்மை எனக்கு ஒரு வருஷம்கூடத் தெரியாது, தெரியாததுக்குக் கையெழுத்துப் போடமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். டாக்டர், வியாபாரி, கோயில் கமிட்டிக்காரர் எல்லோரும் அப்பாவை அறிந்தவர்கள். என்னை யாரும் அறியார். நல்ல வீட்டுப் பெண் ஆண்களோடு பேசக்கூடாது என்று நீ வளர்த்தாய், நானும் அப்படியே இருந்தேன். அப்படி இருந்ததாலேயே, இவள் நல்லவள் என்று சொல்ல ஒரு ஆண் இல்லாமல் போனது. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

என்னை அறிந்தவர் ஒருவர் மட்டும் இருந்தார்.

அது மனதில் பட்டபோது பள்ளிக்கூடத்தில் கரும்பலகை முன்னால் நின்றுகொண்டிருந்தேன். உடனே வேண்டாம் என்று தள்ளினேன். உன் முகம் வந்து நின்றது. பல நாள் தள்ளிப் பார்த்தேன். என்னை வருஷக்கணக்காகப் பார்த்தவர், என் பேச்சையும் நடத்தையையும் அறிந்தவர், அந்தஸ்துள்ளவர் என்று எப்படிச் சுற்றினாலும் அந்த ஒரு ஆளில்தான் வந்து நின்றது.

ஒரு சனிக்கிழமை அந்தப் படியேறினேன். பிலோவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்று நினைத்து டைரியை எடுத்தார். இல்லை சார் என்று விஷயத்தைச் சொன்னேன். பேனாவை மூடி வைத்தார்.

“உங்க அக்கா கேஸ்ல எதிர்ல நின்னவன் நான். என்கிட்டயா கேக்குறீங்க?”

“இத்தன வருஷமா என்னைப் பாத்தவரு நீங்க ஒருத்தர்தான் சார். பொய் எழுதச் சொல்லல. பாத்தத எழுதுங்க.”

ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். பிறகு காகிதத்தை எடுத்து, டைப் அடிக்கிறவரைக் கூப்பிடாமல் தன் கையாலேயே எழுதினார். இந்தப் பெண்ணின் குடும்பத்துக்கு எதிராக வழக்காடியவன் நான் என்றுதான் அந்தச் சான்று தொடங்குகிறது. தனக்குச் சட்டம் கொடுத்த உரிமையைக் கேட்டு என் ஆபீசுக்குப் பல வருஷமாக வருகிறாள், ஒருமுறையும் குரலை உயர்த்தியதில்லை, ஒருமுறையும் விட்டுக்கொடுத்ததில்லை, எதிர்த்தரப்பில் இருந்து பார்த்துச் சொல்கிறேன், இவள் நேர்மையானவள் என்று எழுதியிருந்தார்.

மை காயட்டும் என்று வைத்திருக்கும்போது, கேட்காமலே சொன்னார்.

“அன்னைக்கு உங்க அக்கா சொன்னது எனக்கு முழுசாப் புரிஞ்சது டீச்சர். நானும் தமிழன்தானே. எந்திரிச்சு அதச் சொல்றது என் தரப்பு வேலை இல்ல. உங்க பக்கத்து லாயருக்குத் தமிழ் தெரியாது.”

மன்னிப்புக் கேட்கிறாரா, சட்டம் சொல்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை. அந்தக் காகிதத்தைக் கிழித்து அவர் மேசையிலேயே போட்டுவிட்டு வரலாம் என்று கை துடித்தது. போட்டிருந்தால் உனக்குச் சந்தோஷமாக இருந்திருக்குமா? நான் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். நன்றி சார் என்றேன். படியில் பாதி இறங்கியதும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அக்கா, இது உனக்குச் சம்மதம்தானா? இதைக் கேட்கத்தான் நேற்று வாய் வரவில்லை.

செல்லையா அந்தச் சான்றைப் படித்துவிட்டு, வழக்கறிஞன் எழுதித் தந்த சான்றுகள் எத்தனையோ பார்த்திருக்கிறேன், எதிராளி எழுதியதைப் பார்த்ததில்லை, இதைவிட உறுதியானது கிடைக்காது என்றார். என் கடிதத்தில்தான் கைவைத்தார். நான் உன் கதை முழுவதையும் அதில் கொட்டியிருந்தேன். இது அழுகை, மனு இல்லை என்று பக்கம் பக்கமாகக் கோடு போட்டார். கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான். உன்னைப் பார்த்துப் பரிதாபப்படச் சொல்லித்தான் எழுதியிருந்தேன். அந்தக் கூண்டில் நீ பரிதாபம் கேட்கவில்லையே.

திரும்ப எழுதினேன். படித்தது, தேறியது, வேலை, எல்லாவற்றையும் நேராகச் சொன்னேன். கடைசியில் உனக்காக ஒரு பத்தி வைத்தேன். என் ஊர்க் கோர்ட்டில் ஒரு தாய் தன் மொழியில் சொன்ன சாட்சியம் ஒரு வரியாகச் சுருங்கிப் பதிவானதைக் கண்டேன், சொன்னது முழுவதும் கேட்கப்பட்ட பிறகே தீர்ப்பு வர வேண்டும் என்பதற்காகச் சட்டம் படிக்க விரும்புகிறேன் என்று. அந்தப் பத்தியையும் எடுத்துவிடச் சொன்னார் செல்லையா. கோர்ட்டைக் குறை சொல்கிற மாதிரி இருக்கிறதாம். மற்றதெல்லாம் உங்கள் இஷ்டம் சார், இது இருக்கட்டும் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டே உறையை ஒட்டினார்.

பதில் வந்த அன்று அப்பா கிடங்கிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். படித்துக் காட்டினேன். யார் யார் சான்று கொடுத்தார்கள் என்று கேட்டார். அதுவரை அவரிடம் நான் சொல்லியிருக்கவில்லை. சொன்னேன். சட்டையைக்கூடக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டபோதும் என்னைப் பார்க்கவில்லை.

“அந்தாளுகிட்டப் போயி நின்னியா?” என்றார்.

“நின்னேம்ப்பா.”

“நீ லண்டன் போயிட்டா பிலோவ யாரு பாப்பா?”

எனக்குத் தூக்கம் கெட்டது அதை நினைத்துத்தான். அப்பா எழுந்து முகம் கழுவிவிட்டு வந்தார்.

“நான் போறேன்” என்றார்.

போன மாதம் என்னோடு வந்தார் அக்கா. உன் வழக்குக்குப் பிறகு முதல்முறையாகப் படகேறினார். அக்கரையில் இறங்கி, பிறை ஸ்டேஷனில் ரயிலேறினோம். புக்கிட் மெர்தாஜாமில் அத்தான் கடைக்குள்ளேயே இருந்துகொண்டார், வெளியே வரவில்லை. பிலோ வாசலுக்கு வந்து இவர் யார் சித்தி என்று கேட்டாள். வளர்ந்துவிட்டாள், உன் நெற்றி, உன் பிடிவாதம். உன் அம்மாவின் அப்பா என்றேன். அவள் அவர் பக்கத்தில் வந்து, எங்க அம்மா எப்படிப் பேசுவாங்க என்று கேட்டாள். அப்பா அங்கேயே படியில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். நான் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டேன்.

கப்பல் செலவுக்கு வழி பண்ணியாயிற்று, அது வேறு கதை. கம்பளிச் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது.

பிலோவை மீட்டுவிடுவேன் என்று உன்னிடம் வாக்குக் கொடுக்கமாட்டேன். நான் திரும்பி வருவதற்குள் அவள் பெரியவளாகிவிடுவாள், எங்கே இருக்க வேண்டுமென்று அவளே சொல்லட்டும். படித்து முடித்து இந்த ஊருக்கே வருவேன். அவள் சொல்ல வாய் திறக்கிற நாளில் பின் வரிசையில் இருக்கமாட்டேன், அவள் பக்கத்தில் நிற்பேன். இதை மட்டும் எழுதிக் கொடுக்கிறேன்.

நீ வளர்த்த தங்கை,
பிலோமினாவின் சித்தி,
திரேசா