பழுதாகாத கார்ட்

போன கிழமை உன் மகள் தர்ஷினி உன்னுடைய கமராவைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். பெட்டரி மூடியைத் திறந்ததும் புளித்த நாற்றம் மூக்கில் ஏறியது. உள்ளே இருந்த இரண்டு பெட்டரியும் கசிந்து, வெள்ளையாகப் பூத்து, கம்பிகளோடு ஒட்டிக் கிடந்தன. நீ போய்ப் பத்து மாதமாகிறது. இன்னும் இரண்டு மாதத்தில் உன் முதல் திதி.

"அம்மா இத அலுமாரியில சேலைக்கு அடியில வச்சிருந்தாங்க பெரியம்மா. இதுல அம்மா சிரிச்ச மாதிரி ஒரு படம் இருந்தா எடுத்துக் குடுங்க. போன்ல இருக்கிறதெல்லாம் வருத்தம் வந்து படுத்த பொறகு எடுத்தது. பாக்கவே முடியல" என்றாள்.

"இதுக்கென்னம்மா, செஞ்சு தர்றேன்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அந்த நிமிடம் வரைக்கும் நீ என் உயிர்ச் சிநேகிதி.

வினாகிரி தொட்ட பஞ்சால் கம்பிகளைத் துடைத்தேன். புதுப் பெட்டரி போட்டேன். லென்ஸ் பாதி தூரம் வந்து முனகிக்கொண்டு நின்றது. விளிம்பில் இருந்த தூசியை ஊதிவிட்டதும் முழுதாக நீண்டது. கமரா தேதி கேட்டது. பெட்டரி செத்தால் இந்தக் கமராக்களுக்குத் தேதி மறந்துபோகும் என்று எனக்குச் சொல்லித் தந்தவளே நீதான். தேதியை வைத்துவிட்டு, சோதித்துப் பார்க்கப் பொத்தானை அழுத்தினேன். திரையில் சிவப்பு எழுத்தில் இரண்டு சொற்கள் வந்தன. அந்த இரண்டு சொற்களை இதே கமராவில் முன்பு ஒரு தடவை பார்த்திருக்கிறேன்.

நினைவிருக்கிறதா உனக்கு? கண்டி மஹய்யாவவில் உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் இரண்டே வாசல்கள். கலவரத்தின்போது முன்வீட்டுச் சிங்கள அம்மே நம் எல்லோரையும் அவரது பின்னறையில் ஒளித்து வைத்தார். என் தம்பி குமார் அப்போது கைக்குழந்தை. அவன் அழுது காட்டிக்கொடுத்துவிடக் கூடாதென்று, சீனித் தண்ணீரில் துணியை நனைத்து அவன் வாயில் வைத்துக்கொண்டே இருந்தாய். உனக்கும் எனக்கும் அப்போது எட்டு வயது. அன்றைக்கு அவனைக் காப்பாற்றியவள் நீ. அதை நான் மறக்கவில்லை. அதனால்தான் வயிறு இப்படி எரிகிறது.

வளர்ந்து கண்டி டவுனில் ஒரு ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தாய். குவைத்திலிருந்தும் சவுதியிலிருந்தும் வந்த சின்னக் கமராக்களைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் உன்னிடம்தான் வருவார்கள். படம் ஆடுகிறது, கண் சிவக்கிறது, லென்ஸ் மூடமாட்டேன் என்கிறது என்று ஆளுக்கொரு முறைப்பாடு. நீ எல்லோருக்கும் ஒன்றையே சொல்வாய். "மொதல்ல தேதிய வையி. அதுக்குப் பொறகு ஊரப் படம் புடி." குமாருக்கும் சொன்னாய். அவன் கேட்டால்தானே. சித்தி குவைத்திலிருந்து அனுப்பிய கமராவின் பெட்டரியைக் கழற்றி, யுத்தச் செய்தி கேட்கிறேன் என்று ரேடியோவில் போட்டுவிடுவான். படம் எடுக்க வேண்டுமென்றால் திரும்பவும் கழற்றிக் கமராவில் போடுவான். தேதியைப் பற்றி அவனுக்கென்ன கவலை.

யுத்தத்தின் கடைசிக் காலத்தில்தான் தர்ஷினிக்குக் காது குத்தினாய். உன் கணவன் கட்டாரில். உனக்குக் கூடப்பிறந்தவன் இல்லை. தாய்மாமன் மடிக்கு யாரைத் தேடுவது என்று நீ யோசித்ததே இல்லை. "என் தம்பி குமார் இருக்கான்" என்றாய். அவனும் புது வேட்டி கட்டிக்கொண்டு கோவில் மண்டபத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். காலையிலிருந்து படம் எடுத்துக்கொண்டே இருந்தவள் நீ, கடைசியில் கமராவை என் கையில் தந்தாய். "ஒருக்கா நீ புடிடி, நானும் ஒரு படத்துல நிக்கிறேன்." எடுத்தேன். குமாரின் மடியில் பிள்ளை வாயைப் பிளந்து அழுகிறது. நீ அவன் தோளில் கையை வைத்துக்கொண்டு குனிந்து சிரிக்கிறாய்.

அதே நாளில் கொழும்புப் பக்கம் ஒரு குண்டு வெடித்தது. மூன்று கிழமை கழித்துப் பொலிஸார் குமாரைப் பிடித்தார்கள். மரக்கறி லொறியில் கொழும்புக்குப் போய்வருகிறவன், அன்றைக்கு அங்கேதான் இருந்தான் என்றார்கள். இல்லை ஐயா, இங்கே காதுகுத்தில் இருந்தான் என்று நாங்கள் அழுதோம். "உங்க ஆட்கள் சொல்றத எழுத ஏலாது. தேதியோட படம் இருந்தா கொண்டு வாங்க" என்றார் அங்கிருந்த அதிகாரி. காதுகுத்தில் அவனுடைய கமராவிலும் படம் எடுத்திருந்தோம், அதைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஒவ்வொரு படத்தின் மூலையிலும் ஏதோ ஒரு பழைய வருடத்து ஜனவரி முதலாம் திகதி. அதிகாரி சிரித்தார். கமராவை மேசை லாச்சிக்குள் போட்டு மூடிக்கொண்டார்.

நேரே உன்னிடம்தான் ஓடி வந்தேன். உன் கமராவில் தேதி தப்பாது என்று எனக்குத் தெரியும். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனாய். வெகுநேரம் வரவில்லை. பிறகு கமராவோடு வந்து, என் கண் முன்னால் பொத்தானை அழுத்தினாய். சிவப்பில் இரண்டு சொற்கள் வந்தன. எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத்தான் தெரியும். அன்று இருந்த பதற்றத்தில் அதுவும் முடியவில்லை.

"பாருடி, அமத்தினா இப்படித்தான் வருது. கார்டு போச்சு."

"ஐயோ, ஒன்னுகூடவா இல்ல?"

"ஒன்னுகூட இல்ல."

சொல்லிவிட்டு அழுதாய். உன் கண்ணைத் துடைத்துவிட்டவள் நான்.

குமாரை வேறிடத்துக்கு மாற்றியதாகச் சொன்னார்கள். பிறகு, அப்படி ஒருவர் தங்களிடம் இல்லவே இல்லை என்றார்கள். நான் ஏறாத படியில்லை. அம்பிட்டியவில் ஒருவர் மனு எழுதித் தருவார். ஒவ்வொரு மனுவோடும் குமாரின் படம் ஒன்றை இணைத்துக் கொடுப்பேன். எதுவுமே திரும்பி வரவில்லை. போகும் இடமெல்லாம் நீ பிளாஸ்கில் தேநீரோடு கூடவே வந்தாய். ஸ்டூடியோவில் எனக்கும் வேலை வாங்கித் தந்தாய், தொழில் சொல்லித் தந்தாய். உன்னைப் போல யாருண்டு என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். கடைசிப் படத்தையும் கொடுத்துத் தீர்ந்த பிறகு, ஒரு நாள் உன் வீட்டில் உட்கார்ந்து, "அவன் மொகம் மறந்து போகுதுடி" என்று கதறினேன். என் தலையைத் தடவிக்கொண்டிருந்தாய். அலுமாரி நான்கு அடி தள்ளி இருந்தது. உனக்கு எப்படி மனசு வந்தது?

நோயில் விழுந்து ஏழு மாதம் படுத்திருந்தாய். ஊட்டிவிட்டது நான். கடைசியில் உன்னைக் குளிப்பாட்டியதும் இந்தக் கைதான். பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னாய், பூனைக்குச் சோறு வைக்கச் சொன்னாய். இதை மட்டும் சொல்ல உனக்கு நேரம் கிடைக்கவில்லை.

அந்தச் சிவப்பு எழுத்தை இப்போது நான் வாசிப்பேன். கார்ட் பூட்டியிருக்கிறது என்று அர்த்தம். அவ்வளவுதான். கார்டின் ஓரத்தில் அரிசி அளவு ஒரு துண்டு இருக்கும். அதைக் கீழே தள்ளினால் புதிதாகப் படம் எடுக்கவும் முடியாது, இருப்பதை அழிக்கவும் முடியாது. ஸ்டூடியோவில் நாளுக்கு இரண்டு பேராவது இதற்காகப் பதறிக்கொண்டு வந்தார்கள், நீ பேசிக்கொண்டே நகத்தால் மேலே தள்ளிவிடுவாய். அன்றைக்கு உள்ளே போய் அதைக் கீழே தள்ளியவள் நீயேதான். பூட்டியிருந்தாலும் உள்ளே இருக்கும் படங்களைப் பார்க்கலாம். பார்க்கிற பொத்தானில் நீ கையே வைக்கவில்லை. போன கிழமை நான் வைத்தேன். நாற்பத்தொரு படங்கள். எல்லாவற்றின் மூலையிலும் செம்மஞ்சள் இலக்கத்தில் சரியான தேதி. நாற்பதில் நீ இல்லை, நீதான் எடுத்துக்கொண்டிருந்தாயே. கடைசிப் படம் நான் எடுத்தது.

ஏன் செய்தாய் என்று எனக்குப் புரியாமலில்லை. சாட்சி சொல்லப் போனவர்களையும் பிடித்துப் போட்ட காலம் அது. கணவன் பக்கத்தில் இல்லை, கையில் பால்குடி. அந்தப் படத்தில் நீயும் நிற்கிறாய். பயந்துவிட்டாய். கொடுக்கவும் பயம், அழிக்கவும் மனமில்லை, பூட்டிச் சேலைக்கடியில் வைத்துவிட்டாய். எல்லாம் புரிகிறது. புரிந்தால் மன்னித்துவிட வேண்டுமா? முடியாது. அந்தப் படத்தைக் காட்டியிருந்தால் அவனை விட்டிருப்பார்களா என்று எனக்குத் தெரியாது. விட்டிருக்கமாட்டார்கள் என்று சொல்ல நீ யார்? நீ உயிரோடு இருந்திருந்தால் நடு வீதியில் நிறுத்தி, மஹய்யாவ முழுக்கக் கேட்கும்படி உன்னை நாறடித்திருப்பேன். செத்துத் தப்பித்துக்கொண்டாய். தினமும் காலையில் எழுந்ததும் உன்னைத் திட்டுகிறேன். மனசு ஆறமாட்டேன் என்கிறது.

நேற்று தர்ஷினி வந்தாள். கமராவை அவள் பக்கம் தள்ளி வைத்தேன்.

"கார்டு போச்சும்மா."

"ஒன்னுகூடவா இல்ல பெரியம்மா?"

"ஒன்னுகூட இல்ல."

என் வாய் கூசவில்லை. உனக்கும் அன்றைக்குக் கூசியிருக்காது. பிள்ளை கதிரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவள் அழுகையைப் பார்க்கப் பொறுக்கவுமில்லை. தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன், தலையைத் தடவினேன். சொல்லவில்லை. கார்ட் என் அடையாள அட்டை உறைக்குள் இருந்தது. இப்போதும் அங்கேதான் இருக்கிறது. வேலை முடிந்ததும் அதைக் கணினியில் போட்டு அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஸ்டூடியோவைப் பூட்டுகிறேன்.

உன்னை மட்டும் வெட்டி எடுத்துப் பெரிதாக்கிக் கொடுக்கலாம். அரை மணி நேர வேலை. உன் மகள் கண்ணாடி போட்டு, மாலை போட்டு, விளக்கேற்றுவாள். செய்யமாட்டேன். முழுப் படத்தையும் கொடுத்தால் அந்த மாலை குமார்மேலும் விழும். அவனுக்கு மாலை போட எவரையும் நான் விட்டதில்லை. என் அம்மா சாகும்வரை கேட்டார், அவரையும் விடவில்லை. செத்தான் என்று ஒருவரும் எனக்கு வந்து சொல்லவில்லை. அவன் வரட்டும். வந்து, இந்தப் படத்தில் நீ சிரிக்கிறதை அவனும் பார்க்கட்டும். அதுவரைக்கும் உனக்கும் மாலை கிடையாது.