அப்பாவுக்கு மனப்பாடமான ஒரே நம்பர்

தங்கச்சிமடம்,
திங்கட்கிழமை.

அன்பு மகன் டேவிட்ராஜுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே மூன்று பேரும் நல்லபடியாக இருக்கிறோம், நீயும் குஜராத் வெராவலில் அந்த மீன் கம்பெனிக் குளிரில் நெஞ்சுச்சளி பிடிக்காமல் இருக்க வேண்டுமென்று தினமும் செபத்தில் கேட்கிறேன். நான் சொல்லச் சொல்ல உன் தங்கை ஆஸ்லின் எழுதுகிறாள், பதினொன்றாம் வகுப்பல்லவா, நான் சொல்வதைவிட அழகாகவே எழுதுவாள். போன் இருக்கும்போது கடிதம் எதற்கென்று நினைப்பாய். போனில் சொன்னால் சரிம்மா, சரிம்மா என்று வைத்துவிடுவாய், இது நீ உட்கார்ந்து படிக்க வேண்டிய விஷயம்.

ரீசார்ஜ் விலையை ஏற்றிவிட்டார்கள், மூன்று போனுக்கும் போட்டால் கட்டாது, ஆஸ்லின் பாடத்துக்கு டேட்டா வேண்டும், அப்பாவுக்குக் கடலில் போன் வேண்டும், அதனால் உங்க பட்டன் போன விட்டுருங்கம்மா என்று நீதான் சொன்னாய். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. படமே தெரியாத போனுக்கு எதற்கு டேட்டா? பேச மட்டும் ஒரு பிளான் இருக்கிறதாம், அதற்கு மூன்று மாதக் காசை மொத்தமாகக் கேட்கிறார்கள். மற்றதெல்லாம் இருபத்தெட்டு நாள்தான், இவர்களுக்கு மட்டும் வருடத்துக்குப் பதின்மூன்று மாதம் என்று ஆஸ்லின் சொல்லிச் சிரித்தாள். ஆகவே போனை அலமாரியில் வைத்துவிட்டேன், நாற்பது நாள் ஆகியிருக்கும்.

சனிக்கிழமை கடலுக்குப் போன அப்பா நேற்றுக் காலை விடிந்ததும் கரை சேர்ந்திருக்க வேண்டும். பூசை முடிந்து வெளியே வந்தால், மற்றப் படகெல்லாம் வந்துவிட்டது, எல்லைப் பக்கம் இலங்கை ரோந்துக் கப்பலைக் கண்டு சிதறி ஓடி வந்தோம், சகாயண்ணன் படகைப் பார்க்கவில்லை என்றார்கள். ஆஸ்லின் அப்பா நம்பருக்குப் போட்டுப் போட்டுப் பார்த்தாள், கிடைக்கவில்லை. அப்போதுதான் அந்தப் படகிலேயே போயிருந்த வலைக்காரரின் பெண்சாதி சிநேகா என் கையைப் பிடித்து, "யக்கா, ஒங்க நம்பருக்கு ஏதும் போன் வந்துச்சா? அண்ணனுக்கு அது ஒண்ணுதான மனப்பாடம்" என்று கேட்டாள்.

போன தடவை இலங்கை நேவி பிடித்துக்கொண்டு போனபோது அப்பாவின் போனைப் பறித்துவிட்டார்கள், மூன்றாம் நாள் யாரிடமோ போன் வாங்கி அந்த நம்பருக்குத்தானே கூப்பிட்டார்? உயிரோடு இருக்கிறார் என்று நமக்குத் தெரிந்ததே அதனால்தான். அந்த நம்பரையல்லவா நான் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். வீட்டுக்கு ஓடிப் போனை எடுத்துக்கொண்டு பாக்கர் ரீசார்ஜ் கடைக்கு ஓடினேன். ஞாயிற்றுக்கிழமை, கடையை அப்போதுதான் திறந்துகொண்டிருந்தார். "என்னக்கா, செத்த சிம்ம தூக்கிட்டு ஓடியாறீக" என்றவர் என் முகத்தைப் பார்த்ததும் போனைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு, "நல்ல வேள, தொண்ணூறு நாளு தாண்டல. தாண்டுனா வேற ஆளுக்குக் குடுத்துருவாய்ங்க" என்று சொல்லி ரீசார்ஜ் போட்டுக் கொடுத்தார். கடை வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். அரை மணி கழித்துப் போன் அடித்தது. மாதாவே என்று எடுத்தால், ஒரு பெண் குரல், கூடுதல் டேட்டா வாங்கச் சொல்லி விளம்பரம். (அம்மா அதனிடமும் "தாயி, செத்த வையி, எம்புருசன் கூப்புடுவாரு" என்று கெஞ்சினார்கள். இதை எழுத வேண்டாமென்றார்கள், அண்ணா, நான் எழுதிவிட்டேன்.)

பதினோரு மணிக்கு அப்பா படகை இன்னொரு படகு கட்டி இழுத்து வந்தது. இன்ஜின் பழுது, வேறொன்றும் இல்லை, போன் கடல் தண்ணீரில் நனைந்து போயிற்று. ஆனால் கேள், ஏழு மணிக்கே இழுத்து வந்த படகுக்காரரின் போனில் அப்பா கூப்பிட்டிருக்கிறார், இரண்டு தடவை, அந்த நம்பருக்கே. சேவையில் இல்லை என்று சொல்லியிருக்கிறது. அதை நிறுத்தியது உங்களுக்குத் தெரியுமே என்று கோபப்பட்டேன். "தெரியும்டி, வாயில அதுதான வருது" என்றார். ஆஸ்லின் நம்பரைச் சொல்லுங்கள் என்று எதிரில் உட்கார வைத்தேன். ஐந்து எண் சரியாகச் சொல்லி, ஆறாவதில் என் நம்பருக்குள் போய்விட்டார். பத்து தடவை சொல்லிக் கொடுத்தாயிற்று, ஏறவில்லை.

உன்மேல் குறை இல்லை, மகனே. நீ செலவைப் பார்த்தாய், நானும் அதைத்தான் பார்த்தேன். இன்ஜின் சரியானதும் அப்பா திரும்பவும் போவார். இனி அந்த நம்பர் சாகக் கூடாது. ஆஸ்லின் குறைந்த டேட்டா போதும், பாடத்தைப் பள்ளியிலேயே எழுதிக்கொள்கிறேன் என்கிறாள். நீயும் வீடியோவில் வர வேண்டாம், குரல் கேட்டால் போதும். நெஞ்சுக்கு ஓமம் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர் குடி. உன் போனும் ஒருநாள் தண்ணீரில் விழலாம், திருட்டுப் போகலாம், அன்றைக்கு உன் வாயில் எந்த நம்பர் வரும் என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன். அதனால் என் நம்பரை இதில் எழுதச் சொல்லவில்லை. இந்தக் கடிதம் கிடைத்த அன்று உன் போனை அணைத்து வைத்துவிட்டு, கூட வேலை செய்கிறவர் யாரிடமாவது போன் வாங்கிக் கூப்பிடு. நான் கையிலேயே வைத்திருப்பேன்.

பனிமய மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
வியாகுலமேரி