பார்படோஸ் போன ஜாக்கெட்

மார்ச் 15, ஞாயிறு

இன்று லாபிஸ் டவுன் சந்தைக்கு வீட்டுக்காரருடைய மோட்டார் சைக்கிளை நானே ஓட்டிக்கொண்டு போனேன். வெயிலுக்கு அவருடைய ஜாக்கெட்டையும் எடுத்து, இங்கே மோட்டார் ஓட்டும் எல்லாரும் போடுவதுபோல் ஜிப் முதுகுப் பக்கம் வர மாட்டிக்கொண்டேன். உடனே பார்படோஸ் ஞாபகம்.

மகள் அங்கே ஹோட்டலில் வேலை பார்த்தபோது எங்களை அழைத்திருந்தாள். தீவைச் சுற்றிப் பார்க்க ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்தோம். மனுஷன் அங்கேயும் ஜாக்கெட்டை இப்படித்தான் போட்டார். பாவம், பெரியவருக்குப் போடத் தெரியவில்லை என்று நினைத்து, வாடகைக் கடைக்காரி கழற்றி நேராக மாட்டிவிட்டாள். இவரும் சிரித்துக்கொண்டே நன்றி சொல்லிவிட்டு, அடுத்த வளைவில் வண்டியை நிறுத்தி மறுபடியும் மாற்றிக்கொண்டார்.

"நேரா போட்டா நெஞ்சுல காத்து அடிக்கும் லா. நீ பின்னால புடிச்சிக்க."

கலங்கரை விளக்கம், குகை, கடற்கரை என்று எல்லா இடத்துக்கும் போனோம். நான் எங்கே பார்த்தேன்? படபடவென்று பறந்த ஜாக்கெட்டின் இரண்டு ஓரங்களையும் அவர் முதுகில் சேர்த்துப் பிடிப்பதே என் வேலை. வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன்.

அவர் போய் எட்டு மாதம் ஆகிறது.

இன்று சந்தைக்குப் போகும்போதும் வரும்போதும் ஜாக்கெட் பின்னால் பறந்துகொண்டே இருந்தது. முதுகெல்லாம் காற்று.